அம்மாவின் காதுகள்

என்னங்க,

என் வாய்க்கு ஊரே பயப்படும் என்பீர்களே, அந்த வாயோடுதான் பள்ளிக்கூடம் போனேன். மணிச்சத்தம் நம் பெண்ணுக்கு வலிக்கிறது, சத்தத்தைத் தடுக்கும் ஹெட்போனை மாட்டிக்கொள்ள விடுங்கள் என்றேன்.

தலைமையாசிரியை சிரித்தார். "ஒருத்திக்கு விட்டா எல்லாரும் கேப்பாங்கம்மா. வேற ஸ்கூல் பாத்துக்கறீங்களா?"

பதில் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அதற்குள் மணி அடித்தது. மூலையில் நின்ற நம் பெண் ஓடிவந்து, தன் காதுகளை விட்டுவிட்டு என் காதுகளை இறுகப் பொத்திக்கொண்டு நடுங்கினாள். அந்தக் கைகளை எப்படி விலக்குவேன்?

தலைமையாசிரியையின் உதடு அசைந்தது, ஒன்றும் கேட்கவில்லை. 'ஒன்றுமில்லை கண்ணு' என்று இவளைப் பார்த்துத்தான் தலையாட்டினேன். அவர் அதை வேறு பள்ளிக்குச் சம்மதமென்று எடுத்துக்கொண்டார். மணி நின்றபின் எவ்வளவு மன்றாடியும் அவர் இசையவில்லை. நாளையிலிருந்து இவள் வரவேண்டாமாம்.

வாசலுக்கு வந்ததும் கேட்கிறாள்: "அம்மா, உனக்கு வலிக்கலையே?"

உங்கள் வாயாடி