அக்டோபரில் பிறந்திருக்க வேண்டியவள்

மார்ச் 4

பள்ளியிலிருந்து போன் வந்தது. செப்டம்பரில் என் மகள் சுண்டெலிக்கு இடம் இருக்கிறதாம். சேர்ப்பதா, ஒரு வருடம் தள்ளிப்போடுவதா என்று மாதக் கடைசிக்குள் சொல்ல வேண்டும். "ரொம்ப சந்தோஷம்" என்று சொல்லிவிட்டு போனை வைத்தேன்.

அக்டோபரில் பிறந்திருக்க வேண்டியவள். என்ன அவசரமோ, ஆகஸ்ட் கடைசியில் வந்துவிட்டாள். இங்கே ஆகஸ்டுக்குள் நாலு வயது முடிந்தால் செப்டம்பரில் பள்ளி; அதனால்தான் இந்த வருடக் கணக்கில் சேர்கிறாள். வகுப்பிலேயே அவள்தான் சின்னவளாக இருப்பாள். மருத்துவமனையின் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தவளைப் பார்த்து அவள் அப்பா வைத்த பெயர்தான் சுண்டெலி.

மார்ச் 9

அவருக்குச் சந்தேகமே இல்லை. "என்னமா வாயடிக்கிறா, அனுப்பு" என்கிறார். வீட்டில் வாயடிப்பாள். வெளி ஆள் வந்தால் வாய்க்குப் பூட்டு. ஒன்றுக்கு வந்தால்கூட என் சட்டையைத்தான் பிடித்து இழுப்பாள். அங்கே யார் சட்டையை இழுப்பாள்?

"பயம் உனக்கு. புள்ளய ஏன் சாக்கு சொல்ற?" என்றார். எழுந்து போய்விட்டேன். கோபம்.

மார்ச் 12

எங்கள் கழிப்பறைக் கதவின் வெளித் தாழ்ப்பாள் அவளுக்கு எட்டாது, நான்தான் திறந்துவிடுகிறேன். பள்ளியில் அது எவ்வளவு உயரத்தில் இருக்கும்?

மார்ச் 17

பள்ளியைப் பார்க்கப் போனோம். டீச்சர் அவள் முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்து பெயரைக் கேட்டார். நான் சொன்னேன். எந்த நிறம் பிடிக்கும் என்றார். "மஞ்சள்" என்றேன். பசிக்கிறதா? "இல்ல மிஸ், இப்பதான் சாப்பிட்டா."

டீச்சர் சிரித்தார். "நீங்க கொஞ்சம் வெளியில இருக்கீங்களாம்மா?"

சுருக்கென்றது. அது நான் பேசுகிற வசனம். நான் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையில் பிள்ளைகளுக்குக் கண் பரிசோதனை செய்யும்போது முதல் வேலையாக அம்மாக்களை வெளியே அனுப்புவேன். இல்லாவிட்டால் எழுத்துப் பலகைக்குப் பக்கத்தில் நின்று வாயசைப்பார்கள். பிள்ளை பலகையை விட்டுவிட்டு அம்மா வாயைப் பார்க்கும்.

வெளியே நின்று கதவிடுக்கில் பார்த்தேன். அவள் பேசவில்லை. ஒரு வார்த்தை பேசல. கதவையே பாத்துக்கிட்டிருந்தா.

மார்ச் 18

"பாத்தீங்களா, வாயே தொறக்கல" என்று அவரிடம் சொன்னேன். ஏதோ ஜெயித்துவிட்ட குரலில். பிறகு எனக்கே அசிங்கமாக இருந்தது.

மார்ச் 27

இன்று கடையில் ஒரு சிறுமி. அம்மா வெளியே போனதும் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவசரப்படுத்தவில்லை. எல்லாப் பிள்ளைகளும் முதலில் அப்படித்தான். கொஞ்ச நேரம் கழித்துப் பலகை பக்கம் திரும்பி, கடைசி வரிக்கு முந்தைய வரிவரை கடகடவென்று வாசித்தாள்.

ஊரார் பிள்ளைக்கெல்லாம் காத்திருக்கிறேன். என் பிள்ளைக்கு அந்தக் கொஞ்ச நேரத்தைக் கொடுத்திருக்கிறேனா?

மார்ச் 30

சேர்க்கிறோம் என்று சொல்லிவிட்டேன். போனைக் கீழே வைக்க மனமில்லை. மறுபடி கூப்பிட்டு வேண்டாம் என்று சொல்லிவிடலாமா?

ஜூலை 15

ஒத்திகை. அவர் என் துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டு மிஸ் ஆனார். "மிஸ், ஒண்ணுக்கு வருது" என்று அவள் சொல்ல வேண்டும். விழுந்து விழுந்து சிரிக்கிறாள், சொல்லவில்லை. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

செப்டம்பர் 2

விட்டுவிட்டு வந்தேன். அவள் அழவில்லை. கடையில் இரண்டு பேருக்குக் கண்ணாடியைத் தவறுதலாக மாற்றிக் கொடுத்துவிட்டேன்.

செப்டம்பர் 5

யாருடையதோ பச்சைக் கால்சட்டையோடு வெளியே வந்தாள். கையில் ஈரத்துணிப் பை. ஐயோ, நான்தானே பிடிச்சுத் தள்ளினேன் என் புள்ளய!

டீச்சரிடம் ஓடினேன். "அவளுக்குக் கேக்கத் தெரியாது மிஸ், கூச்சப்படுவா, நான் அப்பவே..."

சுண்டெலி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"நீ சும்மா இரும்மா. நான் சொல்றேன். பாத்ரூம் கதவுல வெளியில தாழ்ப்பா போட்டிருந்துச்சு, எனக்கு எட்டல. மிஸ்ஸக் கூப்பிட்டேன். அவங்க ஓடி வந்தாங்க. அதுக்குள்ள வந்துடுச்சு."

"ஆமா, சத்தமாவே கூப்பிட்டா" என்றார் டீச்சர். தாழ்ப்பாளைக் கீழே இறக்கி வைக்கச் சொல்லியிருக்கிறார்களாம்.

இன்னும் ஏதோ கேட்க வாயெடுத்தேன். மூடிக்கொண்டேன். அவள் பேசி முடிக்கவில்லை.