சின்னம்மாவின் சிறுநீர்க் குழாய்

என் பொறுமைக்கார அம்மாவுக்கு,

சின்னம்மா மாசாயில் தன் வீட்டுக் குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டார். இடுப்பெலும்பு முறிவு, உனக்குச் செய்த அதே அறுவை சிகிச்சை. பயப்படாதே, இந்த முறை நான் வாயை மூடிக்கொண்டு இருக்கவில்லை.

நீயும் உன் தங்கையும் தொழிற்சாலையில் ஒரே வரிசையில் நின்று வேலை பார்த்தவர்கள். கழிவறைக்குப் போக சூப்பர்வைசரிடம் அட்டை வாங்க வேண்டும், வரிசைக்கு ஒரே அட்டை. அதனால் தண்ணீரே குடிக்காமல் பழகிவிட்டீர்கள். ஆஸ்பத்திரியிலும் நீ அப்படித்தான் கிடந்தாய். சிறுநீர்க் குழாய் நாள்கணக்கில் உள்ளேயே இருந்தது. எப்போது எடுப்பீர்கள் என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. "அம்மா யாருக்கும் தொந்தரவே கொடுக்கமாட்டாங்க" என்று வருகிறவர்களிடமெல்லாம் பெருமையடித்தேன், பாவி. கிருமி தொற்றி, அது இரத்தத்தில் கலந்து, உன்னைக் கொண்டுபோன பிறகுதான் எனக்கு உறைத்தது. என்னை மன்னிப்பாயா?

சின்னம்மாவும் அதே கதைதான். "குழாய் அது பாட்டுக்கு இருக்கட்டும்டி. எடுத்தா ஓயாம நர்ஸ் மிஸ்ஸிய கூப்பிடணும், அசிங்கம்."

நான் விடவில்லை. அறுவைக்கு மறுநாள் காலையிலேயே மிஸ்ஸியைப் பிடித்தேன்.

"ஒரு நாள்தானே ஆச்சு லா," என்றார் அவர்.

"அதான் கேக்கிறேன். இன்னும் தேவையான்னு டாக்டர்கிட்ட கேட்டுச் சொல்லுங்க."

மத்தியானம் குழாயை எடுத்துவிட்டார்கள். தண்ணீர் தாராளமாகக் குடிக்கலாம் என்று டாக்டரும் சொன்னார். மணிக்கொரு தடவை குவளையை நீட்டினேன். குளுவாங்கிலிருந்து பார்க்க வந்திருந்த மாமா முகம் சுளித்தார்.

"தண்ணி கொடுத்துக்கிட்டே இருந்தா யாரு தூக்கி உட்கார வைக்கிறது?"

"நான்தான் மாமா. நீங்க கொஞ்சம் வெளிய நில்லுங்க."

கோபித்துக்கொண்டு போய்விட்டார். போகட்டும்.

நேற்று பார்வையாளர் நேரம், வார்டு முழுக்கக் கூட்டம். சின்னம்மா கையைத் தூக்கினார்.

"மிஸ்ஸி, எனக்கு ஒண்ணுக்கு வருது. அந்த வாக்கரை கொண்டாங்க."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மிஸ்ஸி தாங்கிப் பிடிக்க, கழிவறை வரை நடந்தார். கதவுக்கு வெளியே நின்ற எனக்கு அந்தச் சத்தம் கேட்டது. அழுதுவிட்டேன், அம்மா.

காய்ச்சல் இல்லை, எரிச்சல் இல்லை. வெள்ளிக்கிழமை வீட்டுக்கு அழைத்துப் போகிறேன்.

எனக்கும் ஒருநாள் இந்தப் படுக்கை வரும். அன்றைக்கு நான் நல்லவள் என்று யாரும் சொல்ல வேண்டாம். வார்டே அதிரக் கூப்பிடுவேன். என் பிள்ளைகளையும் கூப்பிடப் பழக்குவேன். இது உன்மேல் சத்தியம்.

உன் வாயாடி மகள்,
சுமதி