ஐம்பத்தெட்டுப் பெயர்களின் பெட்டி

ஆகஸ்ட் 4, திங்கள்

அம்மாவின் போன் இன்றும் அணைந்தே கிடக்கிறது. கிடக்கத்தான் செய்யும். பட்டாசு கம்பெனிக்குள் போன் கூடாது. காலையில் கேட்டில் ஒப்படைத்தால் மாலையில்தான் கைக்கு வரும். ஆமத்தூரிலிருந்து மூன்று வேன்களில் போகிற ஐம்பத்தெட்டுப் பேருக்கும் இதே கதை.

வைகாசியில் ஒரு நாள் சத்தம் கேட்டதே, அது இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை. ஊரே வண்டியை எடுத்துக்கொண்டு கம்பெனிக்கு ஓடியது. நானும் ஓடினேன். ரோடு முழுக்க பைக். ஆம்புலன்ஸ் வந்திருந்தால் எப்படிப் போயிருக்கும்? இரண்டு மணி நேரம் கழித்துத்தான் தெரிந்தது, அது கல்குவாரி வெடி என்று. அன்று அம்மாவின் போனில் நாற்பத்தொரு மிஸ்டு கால்.

அந்த இரண்டு மணி நேரம் இனி வேண்டாம். சென்னைக் கம்பெனி என்னை வீட்டுக்கு அனுப்பி நாலு மாதமாகிறது. தெரிந்த வேலையை இங்கே செய்தால் என்ன?

ஆகஸ்ட் 9, சனி

ஞானஜோதி அக்காவிடம் பேசினேன். அம்மாவின் கம்பெனியில் கேட் ரூமில் உட்கார்ந்து வருகை குறிப்பவர். அங்கே மட்டும் போன் உண்டு. ஆள் உள்ளே போனால் ஆப்பில் பெயர் சிவப்பு, வெளியே வந்தால் பச்சை. அக்கா அங்கே மாற்றினால் இங்கே வீட்டில் தெரியும்.

"நோட்டுல டிக் அடிக்கிறத போன்ல அடிக்கணும், அம்புட்டுதான?" என்றார். முதலாளியிடமும் அவரே பேசிச் சம்மதம் வாங்கிவிட்டார்.

ஆப் எழுதுவது சுலபம். அது கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்ல ஒரு சர்வர் வேண்டும். வாடகைக்குக் கிடைக்கும். ஆனால் எங்கள் ஊர்ப் பெண்கள் எந்நேரம் எங்கே இருக்கிறார்கள் என்பது யாரோ ஒருவருடைய இடத்தில் ஏன் கிடக்க வேண்டும்? நம் வீட்டிலேயே இருக்கட்டும்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

என் காலேஜ் கம்ப்யூட்டரைத் தூசி தட்டி, எல்லாவற்றையும் அழித்து, லினக்ஸ் ஏற்றி, அப்பாவின் மோட்டார் ரிப்பேர் கடையில் வைத்தேன். கடை என்றால் எங்கள் முன்னறைதான். திரை இல்லை, கீபோர்டு இல்லை. வெறும் பெட்டி.

"படமும் இல்ல, பாட்டும் இல்ல. கரண்ட் குடிக்க ஒரு பெட்டியா?" என்றார் அப்பா.

ஆகஸ்ட் 21, வியாழன்

எங்கள் இணைய லைனுக்கு நிலையான முகவரி கிடையாது. அது இல்லாமல் வெளியிலிருந்து யாரும் பெட்டியைத் தேடி வர முடியாது. லைன் கொடுக்கிற சேசுராஜ் அண்ணனை நான்கு நாள் துரத்தி வாங்கினேன். "வீட்டுக்கு எதுக்குத்தா அதெல்லாம்? பெரிய கம்பெனிக்காரங்கதான் கேப்பாக!"

மத்தியானம், இணைய முகவரிக்கு முன்னால் தெரியுமே, அந்தப் பூட்டுப் படமும் வந்துவிட்டது. இந்தப் பெட்டி இன்னார்தான் என்று உலகத்துக்குச் சொல்லும் சான்றிதழ். மனு இல்லை, வரிசை இல்லை, நாற்பது வினாடியில் கொடுத்துவிட்டார்கள்!

அம்மாவோடு வேனில் போகிற பானுப்பிரியாவின் வீட்டுக்காரர் மஸ்கட்டில் இருக்கிறார். அவரை ஆப்பைத் திறந்து மனைவி பெயரைத் தொடச் சொன்னேன். என் லேப்டாப்பில் பெட்டியின் பதிவேடு, அதாவது லாக், ஓடிக்கொண்டிருந்தது. யார், எப்போது, யாரைக் கேட்டார்கள் என்று அதில்தான் பதிவாகும். ஒரு வரி விழுந்தது. மஸ்கட்! கடல் தாண்டி ஒரு கேள்வி வந்து, அப்பாவின் ஸ்பேனர்களுக்கு நடுவே பதில் வாங்கிக்கொண்டு திரும்பிப் போய்விட்டது. ஆறு வருடம் இதே வேலைதான் பார்த்தேன். ஒரு நாளும் லாக்கில் ஒரு வரியை எழுந்து நின்று பார்த்ததில்லை. இன்று பார்த்தேன்.

செப்டம்பர் 3, புதன்

எல்லாரும் ஒரே நேரத்தில் கேட்டால்? தெருவில் இருபது பேரை நிற்க வைத்து, "இப்போ அமுக்குங்க" என்றேன். பெட்டி படுத்துவிட்டது. மானம் போயிற்று.

செப்டம்பர் 6, சனி

பிடித்துவிட்டேன். ஒவ்வொரு கேள்விக்கும் மொத்தப் பட்டியலையும் புதிதாகத் தேடிக்கொண்டிருந்திருக்கிறது, அசடு. இப்போது ஏதாவது பெயர் மாறினால் மட்டும் தேடும். மற்ற நேரம் பதிலைக் கையிலேயே வைத்திருக்கும். ஐநூறு பேர் கேட்பதுபோல் நானே கேட்டுப் பார்த்தேன். அசையவில்லை!

செப்டம்பர் 19, வெள்ளி

தினமும் நாலே முக்காலுக்குக் கேள்விகள் கூடுகின்றன. வேன் கிளம்பும் நேரம். ஐந்தரைக்கு அடங்கிவிடுகின்றன. ஒவ்வொரு வரியும் யாரோ யாரையோ தேடுவது. இவ்வளவு கவலையை இந்த ஊர் இத்தனை வருடம் எங்கே வைத்திருந்தது?

அக்டோபர் 1, புதன் – ஆயுத பூஜை

இந்த அப்பாவை என்ன செய்ய!

கம்பெனியில் பூஜை முடித்து, பொரிகடலை வாங்கிக்கொண்டு எல்லாரும் மத்தியானமே திரும்ப வேண்டும். வழியில் லாரி ஒன்று குறுக்கே நின்று, போன் சிக்னல் கிடைக்காத இடத்தில் வேன்கள் மாட்டிக்கொண்டன. நான் விருதுநகர் போயிருந்தேன். திரும்பி வந்தால் வாசலில் முப்பது பேர். "அண்ணாச்சி, பச்சையும் காட்டல செவப்பும் காட்டல, என்ன ஏதுன்னு சொல்லுங்க!"

உள்ளே ஸ்பேனர், ரம்பம், வைண்டிங் மெஷின், அந்த வரிசையில் என் பெட்டி. சந்தனம், குங்குமம், மேலே ஒரு செவ்வந்திப் பூ. ஒயரைப் பிடுங்கி அழகாகச் சுருட்டி வைத்திருந்தது.

"ஆயுதத்துக்கெல்லாம் இன்னைக்கு ஓய்வுதானத்தா? அதுக்கு மட்டும் வேணாமா?" என்றார். மஸ்கட்டிலிருந்து மட்டும் அவருக்கு ஒன்பது போன் வந்ததாம்.

கத்தத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் அந்தப் பூ... ஸ்பேனரோடு ஸ்பேனராக என் பெட்டி எப்போது சேர்ந்தது? எனக்குத் தெரியவே இல்லையே. பூவை எடுக்காமல் ஒயரை மட்டும் மாட்டினேன்.

அக்டோபர் 3, வெள்ளி

கடை ஃபேனுக்கு இருந்த இன்வெர்ட்டரை அப்பா பெட்டிக்கு மாற்றியிருக்கிறார். என்னிடம் சொல்லவில்லை. மத்தியானம் கரண்ட் போனபோது வேர்த்து ஊற்ற உட்கார்ந்து மோட்டாருக்குக் காயில் கட்டிக்கொண்டிருந்தார்.

அக்டோபர் 10, வெள்ளி

காலை பதினொன்று இருபதுக்குச் சத்தம். ஜன்னல் அதிர்ந்தது. குவாரி இல்லை, புகை தெரிந்தது. கம்பெனி இருக்கும் திசைதான்.

ஐம்பத்தெட்டும் சிவப்பு. லாக் ஓடுகிற வேகத்தில் படிக்க முடியவில்லை. படுத்துடாத, படுத்துடாத, சாமி படுத்துடாத. நாலு நிமிடம் கழித்து முதல் பச்சை. ஞானஜோதி அக்கா கேட்டில் நின்று ஒவ்வொருவராகத் தொடுகிறார் என்று புரிந்தது. பத்து. முப்பது. ஐம்பத்தேழு.

அம்மா மட்டும் சிவப்பு.

எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. லாக்கைப் பார்த்துத்தான் இப்போது சொல்கிறேன், இரண்டு நிமிடம். பதினொன்று முப்பத்தொன்றுக்குப் பச்சை.

அழுதுகொண்டே வாசலுக்கு வந்தேன். தெருவே போனைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறது. ஒரு பைக்கும் கிளம்பவில்லை. காலியான ரோட்டில் ஆம்புலன்ஸ் தடையில்லாமல் போனதைப் பார்த்தேன். பக்கத்துக் கம்பெனியில் இரண்டு பேருக்குத் தீக்காயம். பிழைத்துக்கொள்வார்கள் என்று சாயங்காலம் சேதி வந்தது.

ஒரு மணிக்கு அம்மா வந்தாள்.

"ஏம்மா நீ மட்டும் கடைசி?"

"செருப்பத் தேடுனேன். ரூமுக்கு வெளிய கழத்திப் போட்டத யாரோ மாத்தி மாட்டிட்டுப் போயிட்டாளுக."

பிறகு போனைத் திறந்தவள் முகம் வாடிப்போனது. "ஏட்டி, ஒரு மிஸ்டு கால்கூட இல்ல. ஒருத்தரும் என்னயத் தேடலையா?"

லாக்கைக் காட்டினேன். அந்தப் பதினொரு நிமிடத்தில் அவள் பெயரை மட்டும் எண்பத்தாறு முறை கேட்டிருக்கிறார்கள். அத்தை, பால்காரர், நான் பார்த்தே இராத யார் யாரோ. அதில் முப்பத்துநாலு ஒரே நம்பரிலிருந்து. அம்மா அந்த நம்பரை விரல் வைத்து மெதுவாகப் படித்தாள். அப்பாவுடையது. அவ்வளவு நேரமும் அவர் பெட்டியின் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார்.

அப்பா எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. நேற்று கட்டி முடித்த மோட்டாரை மறுபடி கழற்ற ஆரம்பித்தார்.