அரிவாள் பட்ட கல்

இன்று காலை மருமகள் உன் கல்லைக் கழுவி முற்றத்து வெயிலில் காயப் போட்டுவிட்டாள். பாவம், நல்லதென்று நினைத்துத்தான் செய்தாள். நான் போட்ட கூச்சலில் தெருவே எட்டிப் பார்த்தது. "கல்லுதானே மாமா, வெயில்ல கெடந்தா என்ன ஆயிடும்?" என்கிறாள். சவரக் கத்தி தீட்டுகிற கல் வெயிலில் வெடித்துவிடும், நிழலில்தான் உலர வேண்டும், எண்ணெய்க் கையால் தொடவே கூடாது என்று நீ என்னைத் திட்டியதெல்லாம் அவளுக்கு எப்படித் தெரியும்? சூடு ஆறும்வரை காத்திருந்து, ஒரு கை தண்ணீர் தெளித்தேன். அந்த வாசனை வந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது, மறைப்பானேன்.

உன் தகப்பனாருக்கு அவருடைய மாமனார் கொடுத்த கல். பச்சை கலந்த சாம்பல் நிறம். எந்த மலையில் வெட்டியதென்று உனக்கே தெரியாது. "இவரு என்னயக் கட்டிக்கிட்டாரா, கல்லக் கட்டிக்கிட்டாரான்னே தெரியலண்ணே" என்று உன் பெண்சாதி என்னிடம் புலம்புவாள். நீ சிரித்துக்கொண்டே கத்தியின் முதுகும் வாயும் ஒன்றாகப் படியும்படி கல்லில் தள்ளிக்கொண்டிருப்பாய்.

குத்தகைக்காரனை நிலத்தைவிட்டு வெளியேற்றக் கூடாது என்று அப்போது சட்டம் இருந்தது. புது ஆட்சி வந்திருக்கிறது, இனி நமக்கென்ன என்று நாங்களும் இருந்தோம். சட்டம் சென்னையில் இருந்தது. எங்கள் குத்தகை வயல் வலங்கைமானுக்குக் கிழக்கே மிராசுதார் கண்ணெதிரே இருந்தது. அப்பா வயலை விடமாட்டேன் என்று நின்றார். மிராசுதார் சொல்லி எங்கள் வீட்டுக்கு ஊர்க்கட்டுப்பாடு போட்டார்கள். கடையில் சாமான் இல்லை, வெளுக்க ஆள் இல்லை, சவரம் இல்லை. அந்த நேரம் பார்த்து அப்பா போய்ச் சேர்ந்தார்.

கருமாதிக்கு மொட்டை போட நீ வருவாய் என்று எல்லோருக்கும் தெரியும். மிராசுதாருக்கும் தெரியும். கருமாதிக்கு முதல் நாள் அவர் வீட்டில் எல்லோருக்கும் சவரம் செய்து முடித்து நீ பெட்டியை மூடும்போது பண்ணைக் காரியக்காரர் கை நீட்டினாராம். "கல்லு இங்கயே இருக்கட்டும். நாளைக்கி மறுநாள் வந்து வாங்கிக்க." நீ குடியிருந்த மனை அவருடையது. கொடுத்துவிட்டு வந்தாய்.

ஆனாலும் வந்தாயே! குடமுருட்டி ஆற்றுப் படித்துறையில் நான் ஈரத் துண்டோடு உட்கார்ந்திருக்க, நீ கத்தியை விரித்துக் கட்டைவிரல் நகத்தில் வைத்துப் பார்த்தாய்.

"மொண்ணையாக் கெடக்குடா. தோல்வார்ல எவ்வளவோ இழுத்துப் பாத்துட்டேன். தாங்குவியா?"

"தோலோட உரிச்சாலும் உக்காந்திருக்கேன். நீ போடு."

உரிக்கத்தான் உரித்தது. ரத்தம் காதோரம் வழிந்தது. எனக்கு வலித்தது, பொறுத்துக்கொண்டேன். உன்னால்தான் முடியவில்லை. "ஐயோ, ஐயோ" என்று வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டு, என் தலையையும் உன் கண்ணையும் அதே துண்டால் துடைத்தாய். கரையில் நின்றவர்கள் நான் அப்பாவுக்காக அழுவதாக நினைத்தார்கள். நான் உன்னைப் பார்த்து அழுதேன்.

கல் திரும்பி வந்தபோது அதன் மேல் கோடு கோடாகப் பள்ளம். எங்கள் வயலுக்கு அடியாட்களை அனுப்புவதற்கு முன் அவர்களுடைய வெட்டரிவாள்களை உன் கல்லில்தான் தீட்டியிருக்கிறார்கள். வயலும் போனது, கல்லும் போனது. கையைக் கட்டிக்கொண்டு வாங்கி வந்ததாகச் சொன்னாய். வாய்க்கால் மதகடியில் தட்டையான கருங்கல்லில் ஆற்றுமணலைத் தூவி, தண்ணீர் விட்டு, இருவரும் மாற்றி மாற்றித் தேய்த்தோம். மற்றக் கோடுகள் மறைந்தன. ஒன்று மட்டும் போகவில்லை. "போதும், விடுடா. இன்னும் தேய்ச்சாக் கல்லே இருக்காது" என்றாய். அதற்குப் பிறகு அந்தத் தடத்தை ஒதுக்கி, நல்ல பாதியிலேயே தீட்டப் பழகிக்கொண்டாய்.

எனக்கு அந்தப் பழக்கம் வரவில்லையே, என்ன செய்வேன்? வயசான பிறகு வாதம் வந்து நீ தஞ்சாவூர் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியிருந்தாய். கன்னமெல்லாம் முள்ளாக வளர்ந்திருந்தது. நீதான் ஒரு நாளும் மழிக்காமல் இருக்கமாட்டாயே. "நீ போடுடா" என்று குழறினாய். தீட்டினேன். கத்தி ஒவ்வொரு தடவையும் அந்தப் பள்ளத்தில் இறங்கியது. நீ படுத்தபடி பார்த்துக்கொண்டே இருந்தாய். எழுந்து வந்து என் கையைப் பிடித்துத் திருத்த உன்னால் முடியவில்லை. வலது கன்னத்தை எப்படியோ முடித்தேன். உன் கண்ணில் நீர் வந்துவிட்டது.

"அன்னிக்கி ஒனக்கும் இப்புடித்தான் இருந்துச்சா?" என்று கேட்டாய்.

இல்லை என்று பொய் சொன்னேன். நம்பவில்லை நீ. "எடது பக்கம் நாளைக்கிப் பாத்துக்கலாம்டா" என்றாய். விடிந்தபோது நீ இல்லை.

சலூனிலிருந்து ஆள் கூப்பிட்டு பிளேடு போட்டு எடுத்துவிடலாம் என்றார்கள். உன் பெண்சாதி விடவில்லை. "அண்ணன் கை வச்சது. அப்புடியே இருக்கட்டும்" என்றாள். அப்படியேதான் தூக்கினோம். கல்லையும் கத்தியையும் அவள்தான் என்னிடம் கொடுத்தாள்.

இன்றும் தீட்டினேன். முன்கை மயிரில் வைத்துப் பார்த்தேன், வெட்டவில்லை. கல்லைத் துடைத்து நிழலில் வைத்துவிட்டு, ஈரக் கையால் என் தலையைத் தடவினேன். நீ போட்ட தழும்பு காதுக்கு மேலே இருக்கிறது, பத்திரமாக. உன் இடது கன்னத்துக்குத்தான் இனி என்னால் ஒன்றும் செய்ய முடியாது.