ஸ்ரீரங்கத்தில் உங்களைத் தேடினார்கள்

என் அன்புக்குரிய டாக்டர் அண்ணா,

நல்ல செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். நேற்று மதியம் என் ரிசல்ட் வந்தது. சளியில் கிருமி இல்லை. ஆறு மாதக் காசநோய் மாத்திரை முடிந்தது. நீங்கள் கடைசிவரை கேட்காமலே போன வார்த்தையை நான் கேட்டுவிட்டேன். இதை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

என்னை உங்களுக்குத் தெரியாது. திருச்சியில் காந்தி மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன லேபில் வேலை பார்க்கிறேன். ரத்தம், சிறுநீர், சளி, இதுதான் என் பிழைப்பு. வீடு ஸ்ரீரங்கத்தில். காலையில் காவிரிப் பாலத்தைத் தாண்டி பஸ்ஸில் வருவேன், சாயங்காலம் திரும்புவேன். அந்தப் பஸ் பயணத்தில்தான் உங்கள் வாழ்க்கை வரலாற்றைப் படித்தேன். நூலகப் புத்தகம். மூன்று முறை புதுப்பித்ததில் அங்கிருந்த அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

ரஷ்யாவின் பெரிய எழுத்தாளர் என்று உலகம் உங்களைச் சொல்கிறது. உங்கள் கதைகளைப் பற்றிப் பேச என்னைவிடப் படித்தவர்கள் இருக்கிறார்கள். எனக்குப் பிடித்தது நீங்கள் இருந்த விதம். மளிகைக்கடைக்காரர் மகனாகப் பிறந்து, அப்பாவிடம் அடி வாங்கி வளர்ந்தவர். கடை முழுகிப்போன பிறகு டாக்டருக்குப் படித்துக்கொண்டே சிரிப்புக் கதைகள் எழுதி வீட்டுக்கே சோறு போட்டவர். கிராமத்து வீட்டில் விடியும்போதே வந்து நின்ற ஏழைகளுக்கெல்லாம் வைத்தியம் பார்த்தவர். கைதிகளை அடைத்து வைத்திருந்த தீவுக்கு, யாரும் போகச் சொல்லாமலே, நாட்டின் அந்தக் கோடி வரைக்கும் வண்டியில் குலுங்கிக்கொண்டு போனீர்கள். அங்கே ஒவ்வொருவரிடமும் பெயர் என்ன, வயது என்ன என்று கேட்டு எழுதினீர்கள்.

அப்படிப்பட்டவர் தன் நெஞ்சை மட்டும் யாருக்கும் காட்டவில்லை. அதில்தான் எனக்கு உங்கள்மேல் கோபம். இருபதுகளிலேயே இருமலில் ரத்தம் வந்தது. தொண்டையிலிருந்து வருகிறது என்று சொல்லி வைத்தீர்கள். ஓட்டலில் சாப்பிட உட்கார்ந்த இடத்தில் ரத்தம் கொட்டி, ஆஸ்பத்திரியில் படுக்க வைத்த பிறகுதான் மற்ற டாக்டர்களால் உங்கள் நுரையீரலைச் சரியாகப் பார்க்க முடிந்தது. பத்து வருடங்களுக்கு மேல் ஒரு டாக்டர் தன்னையே ஏமாற்றிக்கொள்ளலாமா? என்ன மனுஷர் இவர் என்று புத்தகத்தை மூடிவிட்டேன்.

அடுத்த மாதம் நானும் அதையேதான் செய்தேன்.

மூன்று வாரமாக இருமல். ஒரு நாள் பஸ் பாலத்தின் மேல் போகும்போது கைக்குட்டையில் சிவப்பாக ஒரு பொட்டு. லேபில் ஏசி ஒத்துக்கொள்ளவில்லை, தொண்டைப் புண் என்று வீட்டில் சொன்னேன். உங்கள் பொய்தான், கொஞ்சம்கூட மாற்றவில்லை.

மறைத்ததற்குக் காரணம் உண்டு. என் கொழுந்தனார் மனைவி கவிதாவுக்கு அப்போது மூன்று மாதப் பெண் குழந்தை, யாழினி. நாங்கள் எல்லாரும் ஒரே வீடு. எனக்குக் குழந்தை இல்லை. யாழினி ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதல் என் மடியில்தான் தூங்கினாள். இந்த மூன்று வாரமும் அவள் முகத்துக்கு நேராகத்தான் நான் இருமியிருக்கிறேன். இதை எப்படி வாய் திறந்து சொல்வது?

ரத்தத்தைப் பார்த்த அன்றிலிருந்து குழந்தையைத் தொடவில்லை. கை வலிக்கிறது, இன்னும் குளிக்கவில்லை என்று தினம் ஒரு சாக்கு. கவிதாவின் முகம் மாறிக்கொண்டே வந்தது. ஒரு நாள் குழந்தையிடம் பேசுவதுபோல என் காதில் விழும்படி சொன்னாள்: “பெரியம்மாவுக்கு இப்பல்லாம் உன்னைப் பிடிக்கல போலடி. வா, நாம நம்ம ரூமுக்குப் போவோம்.” நான் சமையலறையில் நின்று குழாயைத் திறந்துவிட்டு இருமினேன்.

மறுநாள் லேபுக்கு முதல் ஆளாகப் போய் என் சளியை நானே ஸ்லைடில் தேய்த்து, சாயம் ஏற்றி, மைக்ரோஸ்கோப்பில் வைத்தேன். நீலத்துக்கு நடுவே சிவப்புக் குச்சிகள், காசநோய்க் கிருமிகள். எத்தனையோ பேருக்காகப் பார்த்த அதே குச்சிகள்தான்.

பெயரில்லாத ஸ்லைடு எங்கள் லேபில் இருக்கக்கூடாது. என் பெயரை எழுத மனம் வரவில்லை. வேறு ஏதாவது பெயர் எழுதினால், இந்த ஊரில் நிஜமாகவே அந்தப் பெயரில் ஒருவர் இருப்பார், நோய் அவர் தலையில் விழும். இதனால் இனிமேல் எந்தக் கஷ்டமும் வராத ஆள் யார் என்று யோசித்தேன். பையில் புத்தகம் இருந்தது. உங்கள் பெயரை எழுதினேன் அண்ணா. ஆண். வயது நாற்பத்து நான்கு, நீங்கள் போன வயது. முகவரி, சித்திரை வீதி, ஸ்ரீரங்கம். சாயங்காலம் ஸ்லைடையும் சீட்டையும் எடுத்து அழித்துவிடலாம் என்று நினைத்தேன்.

எங்கள் இன்சார்ஜ் பஷீர் பாயை மறந்துவிட்டேன். நோய் இருக்கிற ஸ்லைடை இரண்டாவது ஆள் பார்க்காமல் விடமாட்டார். நான் டீ குடிக்கப் போன நேரத்தில் பார்த்துவிட்டு, விதிப்படி அரசாங்கக் காசநோய்ப் பிரிவுக்கும் தகவல் அனுப்பிவிட்டார். அன்று மத்தியானமே களப்பணியாளர் சேகர் சார் தன் பைக்கில் வந்து இறங்கினார். நோயாளிகளின் வீட்டைத் தேடிப் போய் மாத்திரை கொடுப்பது அவர் வேலை.

“பாய், இவரு வெளிநாட்டுக்காரருங்களா? பேரைப் படிக்கவே எனக்கு ரெண்டு நாள் ஆகும் போலருக்கு.”

“ரஷ்யாக்காரரு மாதிரி தெரியுது. கோயிலைப் பாக்க வந்தவரா இருக்கும். மாலா, நீதானேம்மா சாம்பிள் வாங்குன? ஆளு எப்படி இருந்தாரு?”

அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. “ஒல்லியா, உயரமா இருந்தாரு. சின்னத் தாடி. மூக்கு மேல நிக்கிற மாதிரி ஒரு கண்ணாடி. ரொம்ப மரியாதையா பேசுனாரு” என்றேன். அதில் ஒன்றுகூடப் பொய் இல்லை, பாருங்கள். சேகர் சார் சட்டைப் பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்து எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார்.

மூன்று நாள் உங்களைத் தேடினார். லாட்ஜ் லாட்ஜாக ஏறி இறங்கினார். அம்மா மண்டபத்துப் படித்துறையில் விசாரித்தார். ராஜகோபுரத்துப் பக்கம் பூக்கட்டும் அம்மா ஒருவர், அப்படி ஒருத்தரைப் பார்த்தேன் என்று சத்தியமே செய்தாராம். மூன்றாம் நாள் முகமெல்லாம் கறுத்துப்போய் லேபுக்கு வந்து, மாத்திரைப் பையை என் மேஜைமேல் வைத்தார்.

“பாவம்ங்க அந்த மனுஷன். பாஷை தெரியாத ஊர்ல ரத்தமா துப்பிக்கிட்டு எங்க படுத்திருக்காரோ. நம்ம கையில மட்டும் கிடைச்சா ஆறு மாசத்துல எழுப்பி உக்கார வச்சுடலாம்.”

நூறு வருடங்களுக்கு மேலாகிவிட்டது நீங்கள் போய். ஸ்ரீரங்கத்து வெயிலில் ஒருவர் உங்களுக்காக மாத்திரைப் பையோடு அலைந்திருக்கிறார். அந்தப் பையைப் பார்த்ததும் என்னால் தாங்க முடியவில்லை. “சார், அது நான்தான்” என்றேன்.

அவர் ஸ்டூலில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். “அப்ப மூணு நாளா நான் உங்களையாங்க தேடிட்டிருந்தேன்?” என்றார். திட்டு விழும் என்று தலையைக் குனிந்துகொண்டேன். தண்ணீரைக் குடித்து முடித்துவிட்டு அவர் கேட்டது ஒன்றே ஒன்று. “வீட்ல சின்னக் குழந்தைங்க இருக்காங்களா?”

“மூணு மாசத்துல ஒண்ணு இருக்கு சார்.”

“எந்திரிங்க, போவோம்.”

பஷீர் பாய்தான் ரொம்பச் சங்கடப்பட்டார். “என்கிட்டயாச்சும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லம்மா” என்று மட்டும் சொல்லிவிட்டு, என் மேஜையில் இருந்த வேலையைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார். நான் பஸ்ஸிலும் சேகர் சார் பைக்கிலுமாக வீட்டுக்குப் போனோம். என் வீட்டுக்காரர் வருவதற்கு முன்பே கவிதாவிடம் நானே சொன்னேன். வாசல்படியைத் தாண்டாமல் நின்றபடி சொன்னேன்.

கவிதா குழந்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். “மூணு வாரமா இருமுனீங்களேக்கா, அப்பவே பாத்திருக்கக்கூடாதா? நீங்க இதே வேலையிலதானே இருக்கீங்க? இவளுக்கு ஏதாவது ஆயிருந்தா?” என்றாள். பிறகு அவளே கேட்டாள். “அதனாலதான் தூக்காம இருந்தீங்களா? நான் என்னென்னமோ நெனச்சுட்டேன்க்கா.” இரண்டு பேரும் அழுதோம். சேகர் சார் வாசலில் நின்று யாருக்கோ போன் செய்வதுபோலத் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த நான்கு நாட்களை நான் வாழ்ந்ததாகவே சேர்க்கமாட்டேன். யாழினிக்கு எக்ஸ்ரே எடுத்தார்கள், எடை பார்த்தார்கள், என்னென்னவோ டெஸ்ட் எடுத்தார்கள். ஐந்தாம் நாள் கவிதா ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்தாள். “ஒண்ணும் இல்லக்கா. சும்மா முன்ஜாக்கிரதைக்கு மருந்து கொடுக்கச் சொல்லியிருக்காங்க.” போனை வைத்துவிட்டுப் பாத்ரூமில் போய்த் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அதன்பிறகு தினமும் காலையில் எனக்கு மாத்திரை, அவளுக்குத் தண்ணீரில் கரைத்த மருந்து. அவள் துப்புவாள், எனக்குக் குமட்டும். இரண்டாம் மாத டெஸ்டில் கிருமி இல்லை என்று வந்ததும் டாக்டர், குழந்தையைத் தூக்கலாம் என்றார். கவிதா அவளைக் கொண்டுவந்து என் மடியில் போட்டுவிட்டு, அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். குழந்தை கனத்துப் போயிருந்தாள்.

நேற்று வந்தது கடைசி ரிசல்ட். இந்தத் தடவை சளி டப்பாவில் என் பெயரை எழுதினேன், முழு முகவரியோடு. பஷீர் பாய் ஸ்லைடை இரண்டு முறை பார்த்துவிட்டு, “அல்ஹம்துலில்லாஹ். சுத்தமா இருக்கும்மா” என்றார். சேகர் சாரும் வந்திருந்தார். “அது சரிங்க, அந்த ரஷ்யாக்காரரு யாருங்க? மூணு நாள் தேடுன ஆளு, இன்னும் மனசுலயே நிக்கிறாரு” என்றார்.

சொன்னேன். மளிகைக்கடை, கைதிகளின் தீவு, உங்கள் தோட்டத்தில் நீங்களே நட்டு வளர்த்த மரங்கள், எல்லாம் சொன்னேன். ஜெர்மனியில் ஒரு ஊரில் டாக்டர் கொடுக்கச் சொன்ன ஷாம்பெயினைக் குடித்துவிட்டு, ஒருக்களித்துப் படுத்தபடி போய்விட்டீர்கள் என்று சொன்னேன். உங்கள் உடம்பை மாஸ்கோவுக்குக் கொண்டுவந்த ரயில் பெட்டி, சாப்பிடுகிற சிப்பிகளை ஏற்றும் சரக்குப் பெட்டி, அதைக் கேட்டிருந்தால் நீங்களே விழுந்து விழுந்து சிரித்திருப்பீர்கள் என்றும் சொன்னேன். வியாதியை மறைத்தார் சார், அதுதான் எனக்குக் கோபம் என்றேன்.

சேகர் சார் யோசித்தார். “அந்தக் காலத்துல இதுக்கு மாத்திரை இருந்துதுங்களா?”

“இல்ல சார். அதெல்லாம் அவரு போயி ரொம்ப வருஷம் கழிச்சுதான் வந்துது.”

“அப்புறம் அவரை ஏங்க குத்தம் சொல்றீங்க? சொல்லியிருந்தா வீடே அழுதிருக்கும், வேற என்ன ஆயிருக்கும்? அவரு மறைச்சதுல ஒரு நியாயம் இருக்கு. உங்களுக்கு என்னங்க நியாயம்?”

பஷீர் பாய் சிரித்துவிட்டார். எனக்கும் சிரிப்பு வந்தது. அண்ணா, இத்தனை நாள் உங்கள்மேல் வைத்திருந்த கோபத்தை அந்த இடத்திலேயே விட்டுவிட்டேன். உங்களைத் தவறாகப் பேசியதற்கு மன்னித்துவிடுங்கள்.

ஆபீஸ் கணினியில் உங்கள் பெயரை எப்போதோ திருத்தி என் பெயரைப் போட்டுவிட்டார்கள். சேகர் சாரின் சின்ன நோட்டில் மட்டும் நீங்கள் அப்படியே இருந்தீர்கள், ஒல்லியாக, உயரமாக, சின்னத் தாடியோடு. “ஆளைத் தேடாம விட்டதா என் நோட்டுல இருக்கக்கூடாதுங்க. இறந்துட்டாருன்னு எழுதவும் கை வரமாட்டேங்குது” என்றார். பேனாவை எடுத்து, உங்கள் பெயருக்கு நேராக, “ஊருக்குத் திரும்பிவிட்டார்” என்று எழுதி மூடினார்.

ஒரே ஒரு சத்தியம் செய்து தருகிறேன். இனி எது வந்தாலும் என் பெயரிலேயே வரட்டும். பெயர் சொல்லத் தயங்கி லேப் வாசலில் நிற்கிறவர்களிடம், என் அண்ணாவுக்குக் கிடைக்காத மாத்திரை இப்போது வீடு தேடி வருகிறது என்று சொல்லுவேன். யாழினி இப்போது தவழ்ந்து வந்து என் புடவையை இழுக்கிறாள். எழுதுவதை நிறுத்திவிட்டு அவளைத் தூக்கப் போகிறேன்.

சில நாள் உங்கள் பெயரில் இருமிய உங்கள் தங்கை,
மாலா
ஸ்ரீரங்கம்