பெரிய விமானமும் நானும்

பிப்ரவரி 3
முதலாளி கார்டன் இந்த வருடக் காலண்டரில் என் படத்தைப் போட்டிருக்கிறார். கீழே ‘வடக்கு வானின் தேவதை’. பெரிய விமானத்தில் சாய்ந்து சிரிக்கிறேன். அதை ஓட்ட உரிமம் வாங்கி வருடங்களாகியும் அதில் சாயத்தான் அனுமதி, ஓட்ட இல்லை. தேவதைக்கு ஒற்றை எஞ்சின் சின்ன விமானம்: மாவு மூட்டை, டயப்பர், சமயத்தில் நாய்கள். பெரியதை ஓட்ட முதலாளியின் அக்கா மகன் டைலர் தெற்கே நகரத்திலிருந்து வந்திறங்கியிருக்கிறான்.

பிப்ரவரி 9
உறைந்த ஏரியில் விமானத்தை இறக்க டைலருக்குச் சொல்லிக்கொடுத்தேன். அதுவும் என் வேலையாம்.

பிப்ரவரி 17
ரோடே இல்லாத வடக்கு ஊர் ஒன்றில் சரக்கு இறக்கினேன். ஊர்த்தலைவி ஹில்டா காலண்டரைப் பார்த்துவிட்டு, “என்னடி பெர்னிஸ், இத எப்ப ஓட்டுன?” என்றாள்.
“சாஞ்சு நின்னேன், அவ்வளவுதான்.”
அவள் சிரிக்கவில்லை.

பிப்ரவரி 24
ஹில்டாவின் ஊர் ஜெமைமாவுக்கு எட்டாம் மாதத்தில் உதிரப்போக்கு. ஆஸ்பத்திரிக்கு ஏற்றிவர டைலர் போனான், பனிமூட்டம், பாதியில் திரும்பிவிட்டான். நானும் திரும்பியிருப்பேன். ஆனால் மதியம் வானம் வெளுத்துவிட்டது. மறுபடி போகலாமா என்றால், நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார் முதலாளி. நாளைக்கா? ரத்தம் நாளைக்கு வரைக்கும் காத்திருக்குமா? — சின்ன விமானத்தை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். திரும்பும்போது பின்னால் அந்த ஊர் நர்ஸ் ஜெமைமாவின் கையைப் பிடித்தபடி. ஆஸ்பத்திரியில் ஆபரேஷன். பெண் குழந்தை. தாயும் பிழைத்தாள்.

பிப்ரவரி 25
அனுமதியில்லாமல் பறந்தேனாம், வேலையிலிருந்து நிறுத்திவைத்துவிட்டார். அதே காலையில் கம்பெனியின் ஃபேஸ்புக்கில் ‘உயிர்காக்கும் எங்கள் சேவை’. என் பெயர் இல்லை. தேவதைக்குப் பெயர் எதற்கு.

மார்ச் 6
விறகு பிளந்தே தோள் போச்சு. டைலர் வந்தான். ஹில்டா முதலாளிக்கு ஃபோன் செய்தாளாம்: “பெரிய பிளேன பெர்னிஸ் ஓட்டட்டும். இல்லன்னா எங்க சரக்கு வேற கம்பெனிக்குப் போகும்.” பக்கத்து ஊர்க்காரர்களும் அதையே சொன்னார்களாம். முதலாளிக்கு என் திறமை திடீரென்று கண்ணில் பட்டிருக்கிறது.
போகும்போது டைலர், “அன்னிக்கு நான் திரும்புனது தப்பா?” என்று கேட்டான். இல்லை என்றேன். கண் கலங்கிவிட்டான். சே, இவனை வெறுக்கவும் முடியவில்லை.

மார்ச் 19
பெரிய விமானம். கேப்டன் இருக்கையில் நான், பக்கத்தில் டைலர். பின்னால் ஜெமைமாவும் குழந்தையும், ஊர் திரும்புகிறார்கள். நான் இறக்கியது அப்படியொன்றும் அழகாக இல்லை. பனியில் இரண்டு துள்ளு துள்ளியது. ஜெமைமா எட்டிப் பார்த்தாள்.
“பிள்ள முழிக்கலக்கா. தப்பிச்சீங்க.”