எண்பதுக்கு இறக்கினேன்

அன்புத் தம்பிக்கு,

சின்னக்கா எழுதுவது. நீயும் உன் வீட்டாரும் அங்கே சுகமாக இருக்க வேண்டும்.

போனில் நீ கேட்டபோதெல்லாம் அத்தான் தேறிவருகிறார் என்றேன். பொய். அவருக்கு வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போய்விட்டது. தண்ணீர் கேட்டாலும், வலித்தாலும், அக்காவைக் கூப்பிட்டாலும் “போ, போ” என்ற ஒரே சொல்தான் வருகிறது. முதல் நாள் அதைக் கேட்டு அக்கா நிஜமாகவே எழுந்து வெளியே போய் நின்றாள்.

மூக்குக்குள் வளர்ந்த சதையை எடுக்கும் சின்ன ஆபரேஷன்தான். மயக்க டாக்டர்கள் நாங்கள் சொந்தக்காரர்களுக்கு மருந்து கொடுப்பதில்லை. “உன் கையில குடுத்தாதான் நான் நிம்மதியா வெளிய உக்காருவேன்” என்று அக்கா பிடிவாதம் பிடித்தாள். தலையாட்டிவிட்டேன்.

மூக்குக்குள் கொஞ்சம் ரத்தம் கசிந்தாலும் சர்ஜனுக்கு உள்ளே எதுவும் கண்ணுக்குத் தெரியாது. அதனால் மருந்து செலுத்தி ரத்த அழுத்தத்தை வேண்டுமென்றே இறக்கிவைப்போம். எத்தனையோ பேருக்குச் செய்திருக்கிறேன். நாள்பட்ட பிரஷர்காரர்களுக்கு மட்டும் அவ்வளவு இறக்கக் கூடாது. உயர்ந்த அழுத்தத்துக்கே பழகிப்போன மூளைக்கு ரத்தம் போதாது.

அன்று காலை அவரிடம் கேட்டேன், பிரஷர் உண்டா என்று. “எனக்கா? என் பஸ் டயருக்குத்தாம்மா பிரஷர்!” என்றார். நானும் சிரித்துவிட்டு, ‘இல்லை’ என்று எழுதினேன். கருவியில் மேல் அளவு நூற்றைம்பதைத் தாண்டிக் காட்டியது. “மறுபடி பாக்கட்டுமா மேடம்?” என்று நர்ஸ் கேட்டாள். பயத்தில் ஏறியிருக்கும், வேண்டாம் என்றேன்.

உள்ளே சர்ஜன், “இன்னும் கசியுது, கொஞ்சம் இறக்குங்க” என்றார். அந்த மேல் அளவை எண்பதுக்கு இறக்கினேன். நாற்பது நிமிடம் அப்படியே வைத்திருந்தேன். “கண்ணாடி மாதிரி தெரியுது” என்று பாராட்டக்கூடச் செய்தார். மருந்தை நிறுத்தியபின் அத்தான் கண் திறக்க வெகுநேரமாயிற்று. திறந்தபோது இடது கை மட்டும் அசைந்தது.

மூன்றாம் நாள், துவைக்க எடுத்த அத்தானின் யூனிஃபார்ம் சட்டைப் பையில் ஒரு மாத்திரை அட்டை இருந்ததாம். “இது எதுக்குடி?” என்று அக்கா என்னிடம் நீட்டினாள். பிரஷர் மாத்திரை. பாதிதான் தீர்ந்திருந்தது. தெரிந்தால் ஸ்டியரிங்கைப் பிடுங்கிவிடுவார்கள் என்று பயந்து, வேலையிடத்தில் செக்கப் வரும் நாட்களில் மட்டும் போட்டிருக்கிறார் போல. அக்காவிடம், சத்து மாத்திரை என்று சொன்னேன். “பாரேன், எனக்குத் தெரியாம சத்து மாத்திரை சாப்பிட்டிருக்காரு” என்று அவள் சிரித்தாள். அத்தனை நாளில் அவள் சிரித்தது அப்போதுதான்.

மறைத்தது அவர், உங்கள்மேல் தவறில்லை என்கிறார் சர்ஜன். அந்த நூற்றைம்பதை என் கையால் எழுதியிருக்கிறேன் தம்பி. அது மறைக்கவில்லையே.

இனி நடப்பார் என்று நரம்பு டாக்டர் சொல்லவில்லை. பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் அக்கா, “என் தங்கச்சி உள்ள இருந்ததாலதான் உயிராவது மிஞ்சுச்சு” என்கிறாள். நான் சாப்பிட்டேனா என்று கேட்டுவிட்டுத்தான் அவள் சாப்பிடுகிறாள்.

அவளிடம் சொல்லத்தான் போகிறேன். அதற்கு நீ வர வேண்டும். எப்படியாவது லீவு கேள். அதற்குப் பிறகு அவள் என் கையில் தண்ணீர்கூட வாங்க மாட்டாள்; ஆஸ்பத்திரியில் அவளுக்கு வேறு ஆளில்லை. நான் சொல்லும்போது நீ அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொள். என் பக்கம் திரும்பாதே.

நீ நன்றாயிரு.

உன்
சின்னக்கா